நுரையீரலில் 7 செ.மீ. நீர்க்கட்டி: ஊசி குத்தி எடுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: பேரையூர் மருந்தாளர்

வணக்கம். என் பெரியப்பாவுக்கு வயது 54, எடை 52 கிலோ. செம்மறிக் கிடை வைத்திருக்கிறார். அறுவடை முடிந்ததும் பேரையூர், டி.கல்லுப்பட்டி, கள்ளிக்குடிப் பக்கம் காடு காடாகக் கிடை அமர்த்துவார். பீடிப் பழக்கம் உண்டு. நாலு மாதமாக வறட்டு இருமல், வலது விலாவில் மந்தமான வலி. இரண்டு தடவை சளியில் ரத்தக் கீற்று வந்தது. காய்ச்சல் இல்லை, பசி குறையவில்லை.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே வட்டமான வெள்ளை நிழல். சளிப் பரிசோதனை இரண்டு முறையும் நெகட்டிவ், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையும் நெகட்டிவ். ஆனாலும் படத்தை வைத்துக் காசநோய் மாத்திரை தொடங்கினார்கள். ஆறு வாரம் ஆகிவிட்டது, நிழல் அப்படியே நிற்கிறது. பிறகு எடுத்த சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்: வலது கீழ்மடலில் 7 × 6 செ.மீ. நீர்க்கட்டி, மெல்லிய சுவர், உள்ளே அடர்த்தி 8 ஹவுன்ஸ்ஃபீல்ட், காற்று இல்லை. ரத்தத்தில் ஈஸினோஃபில் (ஒவ்வாமை, புழு என்றால் கூடும் வெள்ளணு) 4 சதவீதம்தான்.

புற்றா என்று பார்க்க, ஸ்கேன் வழியாக ஊசி குத்தி எடுக்க அடுத்த வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். கிடையில் மூன்று நாய்கள் உண்டு. நாய் வழியாக வரும் புழுக்கட்டியாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் புழு என்றால் ஈஸினோஃபில் ஏற வேண்டாமா? ஊசி குத்தலாமா? புழு மருந்தான அல்பெண்டசோல் கடையிலேயே இருக்கிறது, அதைத் தொடங்கிவிடலாமா?


பதில்: நெஞ்சுநோய் மருத்துவர், மதுரை

ஊசி வேண்டாம் தம்பி. நாள் கொடுத்த டாக்டரிடம் இன்றைக்கே போய், "கிடை ஆட்டுக்காரர், நாய்களோடு இருப்பவர், கட்டிக்குள் வெறும் நீர், ஹைடாடிட் இல்லை என்று உறுதியான பிறகு குத்தலாமா?" என்று கேளுங்கள். இந்தத் தொழில் விவரம் பெரும்பாலும் கேஸ் ஷீட்டில் ஏறுவதே இல்லை. 'விவசாயி' என்று எழுதி முடித்துவிடுகிறோம். அது ஏறியிருந்தால் ஊசி வரை பேச்சு போயிருக்காது.

காரணம் இதுதான். ஹைடாடிட் கட்டி என்பது எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். உள்ளே தெளிந்த நீர், அதைச் சுற்றிப் புழுவின் உயிருள்ள மெல்லிய படலம், அதற்கு வெளியே அடுக்கடுக்கான வெள்ளைச் சவ்வு, கடைசியாக நம் நுரையீரலே கட்டிய நார்ச்சுவர். உள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தில் நிற்கிறது. ஊசி பட்டு அது நெஞ்சறைக்குள் கசிந்தால் இரண்டு ஆபத்து. ஒன்று, அந்த நீருக்கு உடல் கடும் ஒவ்வாமை காட்டி, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு, நீரோடு சிந்தும் புழுத்தலைகள் ஒவ்வொன்றும் நுரையீரல் உறையில் புதுக்கட்டியாக வளரக்கூடும். கல்லீரல் கட்டிக்கு ஊசி வழியாக நீரெடுத்து மருந்து செலுத்தும் முறை உண்டு. அதை நுரையீரலில் செய்வதில்லை.

ஈஸினோஃபில் சந்தேகத்துக்கு வருகிறேன். கட்டி உடையாமல் இருக்கும்வரை உடலின் எதிர்ப்பு அணுக்களுக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால் எண்ணிக்கை சாதாரணமாகவே இருக்கலாம். பெரும்பாலும் கசிந்தாலோ உடைந்தாலோதான் ஏறும். 4 சதவீதத்தைப் பார்த்துப் புழு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

அல்பெண்டசோலை நீங்களாகத் தொடங்காதீர்கள். மருந்து புழுவின் படலத்தைத் தளர்த்தும். இவ்வளவு பெரிய கட்டி, ஆபரேஷனுக்கு முன்பே மூச்சுக்குழாய்க்குள் உடைய அது வழிவிடலாம். 5 செ.மீ.க்கு மேற்பட்ட நுரையீரல் கட்டியில் முதலில் கத்தி, பிறகு மாத்திரை என்பதே பெரும்பாலோர் வைத்துக்கொள்ளும் வரிசை. இன்னொன்றும் இருக்கிறது: ஆறு வாரமாக அவர் சாப்பிடும் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. அல்பெண்டசோலும் அப்படியே. கல்லீரல் நொதிகள் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்க்காமல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது.

காசநோய் மாத்திரையையும் வீட்டில் வைத்து நிறுத்திவிட வேண்டாம். சி.டி. படத்தோடு காசநோய்ப் பிரிவு மருத்துவரைப் பாருங்கள். நோய் வேறு என்று அவர் முடிவு செய்தால் நிறுத்திவிட்டு நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவிலும் மாற்றுவார். மாற்றாவிட்டால் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று பதிவாகி, பின்னால் தேவையில்லாத குழப்பம் வரும்.

இந்த வாரமே எடுக்க வேண்டியவை: வயிற்று அல்ட்ராசவுண்ட், எக்கினோகாக்கஸ் ஐஜிஜி எலிசா (அந்தப் புழுவுக்கு எதிரான புரதத்தை ரத்தத்தில் தேடும் சோதனை), கல்லீரல் நொதிகள், முழு ரத்த எண்ணிக்கை. இவற்றில் அல்ட்ராசவுண்டுதான் முக்கியம். நுரையீரல் கட்டி உள்ளவர்களில் பலருக்குக் கல்லீரலிலும் ஒன்று ஒளிந்திருக்கும். அங்கே மகள் கட்டிகளோடு, அதாவது உள்ளேயே வளரும் சின்னக் கட்டிகளோடு, ஒரு நீர்க்கட்டி தெரிந்தால் நெஞ்சில் இருப்பதும் ஏறக்குறைய உறுதிதான். எலிசா பாசிட்டிவ் என்றால் பயன் உண்டு. நெகட்டிவ் என்றால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. உடையாத நுரையீரல் கட்டியில் நெகட்டிவாக வருவது சாதாரணம்.

ஆபரேஷன் நாள்வரை கனமான மூட்டை தூக்குவது, ஆட்டைத் தூக்கிப் போடுவது, நெஞ்சில் அடிபடும் வேலை எதுவும் வேண்டாம். திடீரென்று இருமி வாய் நிறைய உப்புக்கரிக்கும் தண்ணீர் வந்தாலோ, திராட்சைத் தோல் போல வெள்ளைச் சவ்வு வந்தாலோ கட்டி உடைந்துவிட்டது என்று பொருள். கூடவே உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, மயக்கம் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அருகில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற்ற வேண்டும். சவ்வு வந்தால் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் எடுத்து வாருங்கள்.


பதில்: ஸ்கேன் அறை

டாக்டர் சொன்னதோடு படத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 8 ஹவுன்ஸ்ஃபீல்ட் என்றால் ஏறக்குறைய தண்ணீர். உயிருள்ள புற்றுக்கட்டி இந்த அடர்த்தியில் இருக்காது. திசு 30, 40 என்று காட்டும், கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்தால் இன்னும் ஏறும். உங்கள் ரிப்போர்ட்டில் கான்ட்ராஸ்டுக்கு முன், பின் என்று இரண்டு எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை.

காற்று இல்லை என்று எழுதியிருப்பதும் முக்கியமான வரி. கட்டி மூச்சுக்குழாயை அரிக்கத் தொடங்கினால் முதலில் நார்ச்சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே காற்று புகுந்து, மேல்விளிம்பில் பிறை வடிவம் தெரியும். பிறை வந்தால் உடையும் நாள் நெருங்கிவிட்டது. உடைந்து பாதி நீர் வெளியேறிய பிறகு, சவ்வு சுருங்கி மிச்ச நீரின் மேல் மிதக்கும். அதைத்தான் அல்லி இலைக் குறி என்கிறோம். கிருமி தொற்றிவிட்டால் அடர்த்தி ஏறி, சுவர் தடித்து, சீழ்க்கட்டி மாதிரியோ புற்று மாதிரியோ காட்டும். படத்தை வைத்துத் தடுமாறுவது அந்தக் கட்டத்தில்தான். காசநோய்க் குகைக்குள் வளரும் பூஞ்சை உருண்டையும் இதேபோலப் பிறை காட்டும், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

இன்னொன்று: கல்லீரல் கட்டியில் சுண்ணாம்பு படிவது சகஜம், நுரையீரல் கட்டியில் அது அரிது. சுண்ணாம்பு இல்லையே என்று யாராவது சந்தேகப்பட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அல்ட்ராசவுண்டுக்குப் போகும்போது கல்லீரலின் உச்சிப்பகுதியை, உதரவிதானத்துக்கு அடியில், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பார்க்கும்படி கேளுங்கள். அவசரத்தில் அந்த மூலைதான் விட்டுப்போகும்.


பதில்: நுண்ணோக்கி (ஆய்வகம்)

சளி மீண்டும் கொடுக்கும்போது, சீட்டில் 'ஹைடாடிட் சந்தேகம்' என்று எழுதச் சொல்லுங்கள். கட்டி கொஞ்சம் கசிந்திருந்தால் சளியில் புழுத்தலையின் கொக்கிகள் கிடைக்கும். இருபது முதல் நாற்பது மைக்ரான் நீளம், வளைந்த நகம் போன்ற வடிவம். காசநோய்க்குப் போடும் அதே சீல் நீல்சன் சாயத்தை இந்தக் கொக்கிகளும் பிடித்துக்கொள்ளும். சிவப்பாகத் தெரியும். ஆனால் நாங்கள் எண்ணெய் லென்ஸில் கோல் வடிவக் கிருமியைத் தேடிப் பழகியதால், எழுதிக் கேட்காவிட்டால் கொக்கியைக் கவனிக்காமல் ஸ்லைடை நகர்த்திவிட வாய்ப்பு அதிகம். ஆபரேஷனில் எடுக்கும் நீரில் கொஞ்சத்தை ஃபார்மலின் சேர்க்காமல் தனியாக அனுப்பினால், சுழற்றி அடியில் தங்கும் வண்டலில் உயிருள்ள தலைகளையே பார்க்கலாம். சவ்வு மட்டும் ஃபார்மலினில் போகட்டும்.


கேள்வி கேட்டவர்: பேரையூர் மருந்தாளர்

எல்லோருக்கும் நன்றி. ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள், டாக்டரே தொழில் விவரத்தைக் கேட்டதும் ஒத்துக்கொண்டார். அல்ட்ராசவுண்டில் கல்லீரல் உச்சியில் 4 செ.மீ. கட்டி, உள்ளே சின்னச் சின்ன மகள் கட்டிகள். எலிசா நெகட்டிவ். கல்லீரல் நொதிகள் சாதாரண அளவில்தான் இருக்கின்றன. காசநோய் மாத்திரை நிறுத்தியாகிவிட்டது. ஆபரேஷன் என்றதும் பெரியப்பா பயப்படுகிறார். பாதி நுரையீரலை வெட்டி எடுத்துவிடுவார்களா என்று கேட்கிறார். போன வருஷம் பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்தார்களே, அது போதவில்லையா என்றும் கேட்கிறார்.


பதில்: நெஞ்சக அறுவை

பெரியப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், நுரையீரலை வெட்டுவதில்லை. கட்டி அழுத்தியிருந்த பகுதி, கட்டி போனதும் பெரும்பாலும் விரிந்துவிடும். மடலே அழுகிப்போனால் மட்டும்தான் அதை எடுப்போம், இவருக்கு அந்த நிலை இல்லை.

நடப்பது இப்படி. மயக்க மருந்து டாக்டர் இரட்டைக் குழாய் போட்டு இடது நுரையீரலைத் தனியாகப் பிரித்துவிடுவார். வலது பக்கம் கட்டி உடைந்தாலும் நீர் இடது பக்கம் இறங்கக் கூடாது என்பதற்காக. அழுத்தத்தோடு காற்று செலுத்தும்போது கட்டி உடையும் ஆபத்து இருப்பதால், மயக்கம் கொடுத்ததிலிருந்து கட்டியை அடையும்வரை நேரத்தை வீணாக்க மாட்டோம். நெஞ்சைத் திறந்ததும் கட்டியைச் சுற்றிலும் 20 சதவீத உப்புக்கரைசலில் நனைத்த துணிகளை அடுக்குவோம். ஒரு சொட்டு சிந்தினாலும் அதிலேயே புழுத்தலை சாக வேண்டும். பிறகு உறிஞ்சுகுழாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நீரை எடுத்து, நார்ச்சுவரைத் திறந்து, வெள்ளைச் சவ்வை முழுசாக உருவி எடுப்போம். இங்கே திறந்த நெஞ்சில், சுற்றிலும் தடுப்பு வைத்து நீர் எடுப்பது வேறு. மூடிய நெஞ்சில் வெளியிலிருந்து ஊசி குத்துவது வேறு.

சவ்வு வந்த பிறகுதான் பொறுமையான வேலை. கட்டி இருந்த குழியின் சுவரில் சிறு மூச்சுக்குழாய்களின் வாய்கள் திறந்திருக்கும். குழியில் சாதாரண உப்புநீர் ஊற்றி, நுரையீரலை ஊதச் சொல்லி, குமிழி வரும் இடத்தை ஒவ்வொன்றாகத் தைப்போம். ஒன்றை விட்டாலும் வடிகுழாயில் நாள்கணக்கில் காற்று கசியும், சீழ் பிடிக்கும், வீடு திரும்புவது தள்ளிப்போகும். வாய்களை மூடாமல் அடர் உப்புக்கரைசலைக் குழிக்குள் ஊற்றினால் அது மூச்சுக்குழாய் வழியே மற்ற பகுதிகளுக்குப் போய் எரிக்கும். அதனால் அடர் கரைசல் துணியோடு நிற்க வேண்டும். கடைசியாகக் குழியை உள்ளிருந்து மேலாகத் தைத்து மூடி, வடிகுழாய் வைப்போம்.

கல்லீரல் உச்சியில் இருப்பது வலது பக்கம் என்பதால், பல நேரம் அதே வெட்டு வழியாக உதரவிதானத்தைத் திறந்து அதையும் எடுத்துவிடலாம். வயிற்று அறுவை மருத்துவரும் முன்கூட்டியே படத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊருக்குப் பெரியாஸ்பத்திரி நெஞ்சக அறுவைப் பிரிவே போதும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போய், அங்கேயே காப்பீட்டு மேசையில் முதல் நாளே காட்டிவிடுங்கள். பீடியை இன்றே விடச் சொல்லுங்கள். நாலு வாரம் விட்டிருந்தாலே ஆபரேஷனுக்குப் பின் சளி கட்டுவது குறையும்.

பூச்சி மாத்திரை பற்றி: அந்த 400 மி.கி. ஒரே மாத்திரை குடலில் இருக்கும் உருண்டைப் புழுவுக்கு. கட்டிக்குள் மருந்து போய்ச் சேர நாள்கணக்கில், மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் கிலோவுக்கு 15 மி.கி. வரை, இரண்டாகப் பிரித்து. 52 கிலோவுக்கு அது ஏறக்குறைய காலை 400, இரவு 400. வெறும் வயிற்றில் கொடுத்தால் பாதிக்கு மேல் வீண். நெய்யோ எண்ணெயோ உள்ள சாப்பாட்டோடுதான் உடலில் ஏறும். முதல் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் நொதியும் வெள்ளணு எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். வெள்ளணு சரிந்தால் நிறுத்திவிடுவோம். முடி கொஞ்சம் கொட்டலாம், மருந்து நின்றதும் முளைத்துவிடும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சொல்லுங்கள், ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் இரண்டும் அல்பெண்டசோல் அளவைக் குறைத்துவிடும்.

அதன் பிறகு 3, 6 மாதத்தில் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும், அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை ஐந்து வருஷம்வரை. எலிசாவை வைத்து 'திரும்ப வந்துவிட்டது' என்று பயப்பட வேண்டாம், குணமானவர்களுக்கும் அது வருஷக்கணக்கில் பாசிட்டிவாக நிற்கலாம்.


கேள்வி: திருமங்கலம் வாசகர்

இடையில் ஒரு சந்தேகம். என் தங்கைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மேல் இருமலும் இழுப்பும். ஈஸினோஃபில் 40 சதவீதம் என்கிறார்கள். அவளுக்கும் இந்தக் கட்டியா?


பதில்: நெஞ்சுநோய் மருத்துவர், மதுரை

இல்லை, அது வேறு வழி. மொத்த வெள்ளணுவை 40 சதவீதத்தால் பெருக்குங்கள். 12,000 என்றால் 4,800 வரும். 3,000-க்கு மேல் இருந்து, இருமல் ராத்திரியில் கூடி, ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமைப் புரதம் 1,000-க்கு மேல் போனால் யானைக்கால் புழுவின் குஞ்சுகளுக்கு நுரையீரல் காட்டும் எதிர்வினை என்று நினைக்க வேண்டும். அந்தக் குஞ்சுகள் நுரையீரலிலேயே சிக்கிவிடுவதால் ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் புழு கிடைக்காது. எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாகத் தெரிவதைக் காசநோய் என்று நினைத்துவிடுவதும் நடக்கும். டைஎத்தில்கார்பமசின் கிலோவுக்கு 6 மி.கி., நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்து மூன்று வாரம். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்திலேயே இருமல் இறங்கும். தங்கை கர்ப்பமாக இருந்தால் இந்த மாத்திரை கூடாது. ஸ்டீராய்டு மட்டும் கொடுத்து அமுக்கிவிடாதீர்கள். வெறுங்காலோடு வயலில் வேலை செய்பவருக்கு ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு இருந்தால், ஸ்டீராய்டு அதை உடம்பெங்கும் பரப்பிவிடும். முதலில் மலப் பரிசோதனை.


பதில்: கல்லுப்பட்டி கால்நடை

மனிதருக்கான பேச்சு முடிந்தது, இனி நாய்க்கு வருகிறேன். பெரியப்பாவைக் குணமாக்கி அதே கிடைக்குத் திருப்பி அனுப்பினால் வீட்டில் அடுத்தவருக்கு வரும்.

நாயின் குடலில் இந்தப் புழு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தாலும் நாய் மெலியாது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. முட்டை நாயின் மலத்தோடு மண்ணில், புல்லில், ரோமத்தில். ஆடு புல்லோடு தின்கிறது, கட்டி ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் வளர்கிறது. அந்த ஈரலை நாய் பச்சையாகத் தின்றால் வட்டம் முடிகிறது. மனிதன் இதில் தவறி நுழைகிறவன்: நாயைத் தடவிய கையோடு சோறு உண்பது, கழுவாத கீரை, நாய் வாய்வைத்த குளத்து நீர். கட்டியுள்ள ஆட்டின் கறியைச் சமைத்துத் தின்பதால் இது வராது, பெரியப்பாவிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டாது. அவரைத் தனித் தட்டில் சாப்பிட வைக்க வேண்டாம்.

நம்ம பக்கம் வட்டம் சுற்றுவது கிடாவெட்டில்தான். பாண்டி கோயிலாக இருக்கட்டும், குலசாமி கோயிலாக இருக்கட்டும், ஆட்டை உரித்ததும் நீர்க்கட்டி உள்ள ஈரலை 'இது ஆகாது' என்று பார்த்தவுடன் ஒதுக்குகிறார்கள். அது வரைக்கும் சரி. ஒதுக்கியது போகும் இடம் நாயின் வாய். கிடையில் செத்த குட்டியும் அப்படியே. ஒதுக்கியதை அரை மணி நேரம் கொதிக்கவிட்டுப் பிறகு நாய்க்குப் போடுங்கள். முடியாதென்றால் எரியுங்கள். புதைப்பதென்றால் ஒரு மீட்டருக்குக் குறையாத குழி, மேலே சுண்ணாம்பு, அதன் மேல் கல். மேலோட்டமாக மண் தள்ளினால் ராத்திரியே தோண்டி எடுத்துவிடும்.

நாய்க்கு மருந்து பிராசிகுவான்டல், கிலோவுக்கு 5 மி.கி. சாதாரணக் குட்டிப் பூச்சி மருந்து வாங்கினால் அதில் இது சேர்ந்திருக்கிறதா என்று அட்டையில் பெயரைப் பாருங்கள். ஆடுகளுக்கு ஊற்றும் அல்பெண்டசோலை நாய்க்கும் ஊற்றிவிட்டுத் திருப்திப்படாதீர்கள், அதை நம்ப முடியாது. 50 மி.கி. மாத்திரை என்றால் பத்துக் கிலோவுக்கு ஒன்று. நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்தால் எடை வந்துவிடும். நாயின் உடலில் புழு வளர்ந்து முட்டையிட ஆறு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் முட்டைக்கு இடமே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை தடுப்பூசியோடு கொடுப்பது கிடை நாய்க்குப் போதாது.


கேள்வி கேட்டவர்: பேரையூர் மருந்தாளர்

மூன்று நாயும் தோராயமாக 16, 18, 20 கிலோ. மருந்து கொடுத்த பிறகு நாய் மலத்தில் கிருமிநாசினி தெளித்தால் முட்டை செத்துவிடுமா? வீட்டில் இரண்டு குழந்தைகள் நாயோடு விளையாடுகிறார்கள், அவர்களுக்கு என்ன பார்ப்பது?


பதில்: கல்லுப்பட்டி கால்நடை

மூன்றுக்குமே இரண்டிரண்டு மாத்திரை, அண்ணே. பிராசிகுவான்டல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் கொடுத்த பிறகு மூன்று நாள் நாய்களைக் கட்டிப்போட்டு, மலத்தைக் கையுறை போட்டு அள்ளி எரித்துவிடுங்கள். வழக்கமான கிருமிநாசினிக்கும் சானிடைசருக்கும் இந்த முட்டை அசையாது. சூடும் காயவைக்கும் வெயிலும்தான் அதற்கு எமன். கட்டிய இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். நிழலும் ஈரமும் உள்ள தொழுவ மூலையில் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அங்கே குழந்தைகளை விடாதீர்கள். கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் முட்டை சாகாது, ஆனால் கையை விட்டுப் போய்விடும். அது போதும்.


பதில்: நெஞ்சுநோய் மருத்துவர், மதுரை

குழந்தைகளுக்கும், கிடையில் கூடவே தங்குபவர்களுக்கும் ஒரு வயிற்று அல்ட்ராசவுண்ட், ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. எலிசா முதலில் வேண்டாம். இப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும், கட்டி வளர வருஷங்கள் பிடிக்கும் என்பதால் இரண்டு மூன்று வருஷம் கழித்து அல்ட்ராசவுண்டை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். சின்னதாக ஏதாவது தெரிந்தால் படத்தோடு வாருங்கள், அந்த அளவில் மாத்திரையிலேயே கரைய வாய்ப்பு உண்டு.